பெண்பால் பன்மை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "யாரு சொன்னா அது என் பேருன்னு? ஐ.சி.யப் பாத்தியா?" என்று எங்கிருந்தாவது கேட்பார். கோலசிலாங்கூரில் அந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்துபோன எல்லாரும் அவரைக் கிளார்க்கண்ணன் என்றார்கள். நான் அண்ணே என்றேன். அது போதும்.

டிப்ளோமா முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியது நான்தான் முதலில். முதல் நாள் அம்மா என் சட்டைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வழக்கறிஞர் மேடம் என்னைக் கிளார்க்கண்ணனுக்கு எதிரே இருந்த மேசையில் உட்காரவைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பேரு?"

சொன்னேன்.

"வேற பேரு?"

"வேற இல்லண்ணே."

"வீட்டுல?"

"வீட்டுலயும் அதே தான்."

"பொய். தோட்டத்துல பொறந்தவன் ஒரே பேரோட வந்து நான் இதுவரைக்கும் பாக்கல. சொல்லு."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "அப்பு" என்றேன். ஒரு சின்ன நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். எதற்குக் குறித்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று.

அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை, வெயிலிலும் கறுப்புக் குடை. கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் தினமும் பத்தரை மணிக்குத் தே ஓ கொசோங் குடிப்பார், சீனி இல்லாத கடுந்தேநீர். வந்ததும் கரண்டியால் கலக்கி, நுனியை நக்கிப் பார்ப்பார். ஐந்து வருடமாக அதே கடை, அதே ஆள், அதே தேநீர்.

"அண்ணே, சீனி போடல லா, சத்தியமா!" என்பான் கடைக்காரன்.

"சத்தியம் பண்றது பக்கத்துக் கடையில. இங்க தே தண்ணிய மட்டும் ஊத்து" என்பார். பக்கத்துக் கடையில்தான் சத்தியப் பிரமாண ஆணையர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தார்.

மலாவத்தி மலையிலிருந்து குரங்குகள் எங்கள் சன்னல் வரைக்கும் வரும். ஒரு குரங்கு தினமும் ஒரே நேரத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். எனக்கு அது பழகிவிட்டது. அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நேத்து வந்தது இது இல்ல" என்பார்.

வந்தவர்களின் ஐ.சி.யை, அடையாள அட்டையை, வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடியும் படத்தைப் பார்ப்பார். அசல் இல்லாமல் நகல் மட்டும் கொண்டுவந்தவர்களிடம், "இது நெழலு. ஆளக் கூட்டிக்கிட்டு வா" என்பார். பெரியவர்கள், பெண்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு முறை கர்ப்பிணி ஒருத்தியிடம், "இது உங்க வீட்டுக்காரர் தானா?" என்று கேட்டதில், கூட வந்திருந்த புருஷன் அடிக்கவே வந்துவிட்டான்.

எங்கள் அலுவலகத்தில் பாதி வேலை பெயர் வேலை. தோட்டத்து மக்களின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்து எழுத்தர், கிராணி, எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஐ.சி.யில் ஒரு மலாய்க்காரக் குமாஸ்தா. ஆளுக்கொரு காது. கடைசியில் ஒரே மனிதனுக்கு மூன்று பெயர் ஆகிவிடும். நம் நாட்டு அடையாள அட்டையில் இப்படி இரண்டு பெயர் வந்தால் நடுவே @ போடுவார்கள், மின்னஞ்சலில் வருகிற அதே குறி. 'என்கிற' என்று அர்த்தம். கடிதத்தில் எழுதும்போது அதை ஏலியஸ் என்று விரித்து எழுதுவோம். அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னால் மட்டும் அவர் கை நின்றுவிடும்.

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் லோரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். மகளின் திருமணப் பதிவுக்கு அப்பா பெயர் ஒத்துவரவில்லை. மகளின் பிறப்புப் பத்திரத்தில் முனியாண்டி, அவர் ஐ.சி.யில் மணியம்.

"ஏலியஸ் போட்டு ஒரு கடுதாசி அடிச்சுக் குடுங்கண்ணே, முடிஞ்சிரும்."

"ஏலியஸ்னா என்னான்னு தெரியுமா?"

"போலீசு கள்ளனுக்குப் போடறது. பேப்பர்ல வரும் தானே, குண்டு ராஜா ஏலியஸ் பாம்பு ராஜான்னு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அது லத்தீன் சொல்லு. அலியாஸ். மூலச் சொல்லு அலியுஸ். அலியுஸ்னா வேற. ஆம்பளைக்கு அலியுஸ், பொம்பளைக்கு அலியா, ரெண்டும் இல்லாததுக்கு அலியுத். ஆனா இந்த அலியாஸ்ங்கறதுக்கு 'வேற பேரு'ன்னு அர்த்தமே கெடையாது. 'வேற சமயத்துல'ன்னு அர்த்தம். பேருங்கற வார்த்தையே உள்ள இல்ல. பழைய கோர்ட்டுக் காயிதத்துல அலியாஸ் திக்துஸ்னு எழுதுவான். வேற சமயத்துல இப்படிச் சொல்லப்பட்டவன். பின்னாடி உள்ள வார்த்தைய எவனோ சோம்பேறி கிளார்க்கு விட்டுட்டான். இப்ப நீ சொல்லு. எந்தச் சமயத்துல நீ முனியாண்டி, எந்தச் சமயத்துல மணியம்?"

லோரிக்காரர் தலையைச் சொறிந்தார். "காலையில மணியம். தண்ணி போட்டா முனியாண்டி லா அண்ணே."

"எத்தன மணிக்குப் போடுவ?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவருக்கு லத்தீன் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கத்தோலிக்கச் சாமியார் படிப்புக்குப் போய்ப் பாதியில் ஓடிவந்தவர் என்றான் கடைக்காரன். பாதியில் துரத்தப்பட்டவர் என்றார் ஆணையரின் உதவியாளர். அவரே தன் சொந்த ஊரை ராசா என்று ஒருத்தரிடமும் கலும்பாங் என்று இன்னொருத்தரிடமும் சொல்லியிருந்தார். மேடத்திடம் கேட்டேன். "நல்லா வேலை செய்றாரு. நான் கேட்டது இல்ல" என்றார்.

அவர் இழுப்பறையில் பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. ஒரு நாள் அவர் வங்கிக்குப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன். லத்தீன் இலக்கணம். முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தைப் பிளேடால் சுரண்டியிருந்தது. தன் பெயரைத் தானே யாராவது சுரண்டுவார்களா? அப்படியானால் அது அவருடைய பெயரா? அங்கே நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது. புத்தகத்தை வைத்துவிட்டேன்.

"பாத்தியா?"

"இல்லண்ணே."

"பாத்த. பரவால்ல. நானா இருந்தாலும் பாப்பேன்."

அந்தச் சங்கடத்தை மறைக்க, எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். "தமிழ்லயும் வேற்றுமை இருக்குண்ணே, எட்டு."

"இருக்கு. பேரே நல்லாருக்கு, வேற்றுமை. ஒரே சொல்லு, எடத்துக்கு எடம் வேற மூஞ்சியோட நிக்குது. நம்ப முடியுமா?" என்றார். குடையை மூலையில் வைத்துவிட்டு, என்னிடம் பேசுகிறாரா தன்னிடமே பேசிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் தொடர்ந்தார். "இந்த அலியுஸ்க்கு ஆறாம் வேற்றுமை என்னா தெரியுமா? 'வேறவனோட'ன்னு சொல்லணும்னா? அதுவும் அலியுஸ்தான். நடுவுல ஒரு எழுத்து நீளும், அவ்வளவுதான். எழுதிப் பாத்தா வித்தியாசமே தெரியாது. ரோமாக்காரன் என்னா செஞ்சான், பக்கத்துல அல்தெர்னு ஒரு சொல்லு இருந்துச்சு, அதோட ஆறாம் வேற்றுமைய எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டான். அல்தெரியுஸ். வேறங்கற சொல்லே வேற ஒருத்தன் சட்டையில நிக்குது."

"அல்தெர்னா என்னாண்ணே?"

"அதுவும் வேறதான். ஆனா ரெண்டே பேரு இருந்தா, அதுல மத்தவன். அலியுஸ்னா கூட்டத்துல எவனோ ஒருத்தன். திருடன், 'நான் அங்க இல்ல, வேற எடத்துல இருந்தேன்'னு சொல்றானே, அலிபி, அது இந்த அலியுஸோட புள்ள. வெளியாளுன்னு முத்திர குத்தறானே, ஏலியன், அது பேரன். நல்ல குடும்பம். ஒருத்தனையும் வீட்டுக்குள்ள விட முடியாது."

எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவரைப் பிடிக்கவில்லை, அவர் சொன்னது பிடித்திருந்தது.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கியது. நாங்கள் இருந்த வரிசைவீடுகளை, லயங்களை, இடித்துவிட்டு, நீண்ட நாள் வேலை செய்தவர்களுக்குத் தரைவீடு கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது. எங்கள் வீடு என்றால் அம்மா பெயரில்தான். பட்டியல் வந்தது. அதை எடுத்த பழைய செக்ரோலில், வேலையாட்கள் பதிவேட்டில், ஐ.சி. எண் கிடையாது, பேரும் வேலை நம்பரும் மட்டும்தான். நூற்றுப்பதினாலு, சரோஜா என்று இருந்தது. அம்மாவின் அடையாள அட்டையில் இருப்பது லெட்சுமி. இருவரும் ஒருவரே என்று மாத முடிவுக்குள் சத்தியக் கடிதம் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

நான் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. தோட்டத்தில் அம்மாவை எல்லாரும் சரோஜா என்பார்கள். பாரங்களில் நான் லெட்சுமி என்று எழுதுவேன். இது மற்றவர்களுக்கு நடப்பதுதானே. ஆனாலும் அவர் கண்ணில் படாமல் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவர் தேநீருக்கு இறங்கிய நேரம், 'லெட்சுமி ஏலியஸ் சரோஜா' என்று தட்டி, அச்சுக்கு அனுப்பினேன். அன்றைக்குப் பார்த்துக் கடை பூட்டியிருந்தது. அவர் உடனே மேலே வந்துவிட்டார். அச்சு இயந்திரம் அவர் மேசைப் பக்கம். தாள் அவர் கைக்குப் போயிற்று.

"உங்கம்மாவா?"

"ஆமாண்ணே. கிராணி தப்பா எழுதிட்டாரு."

"கிராணிக்குக் காது எவ்வளவு மந்தமா இருந்தாலும் லெட்சுமி சரோஜாவாக் கேக்காது தம்பி. முனியாண்டி மணியம் ஆவான். லெட்சுமி லெச்சுமி ஆவா, லச்சி ஆவா. சரோஜா ஆவ மாட்டா."

"வீட்டுப் பேருண்ணே."

"வீட்டுப் பேருன்னா பாப்பா, குட்டி, அப்புன்னு இருக்கும்." அந்த அப்பு என்னைச் சுட்டது. "வெச்ச பேரு லெட்சுமி, நல்ல பேரு. அத விட்டுட்டு வீட்டுல எதுக்கு இன்னொரு முழுப்பேரு?"

அவர் தாளை மேசையில் வைத்து, ஏலியஸ் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னா பாலு, என்னா எண்ணுன்னு தெரியுமா? உறைஞ்சு போன பழைய உருவம். பெண்பால், பன்மை, ரெண்டாம் வேற்றுமைன்னு இலக்கணக்காரன் சொல்றான். ஒருத்தின்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கும். உள்ள பாத்தா ஒருத்திக்கு மேல இருப்பாங்க." தாளை மடித்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "மேடத்துக்கிட்ட கொண்டு போவாத. மொதல்ல அம்மாவப் போய்க் கேளு."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா குழாயடியில் பூட்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பனைக் காட்டுச் சேறு போகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்டேன்.

"யாரு கேட்டா?" என்றாள் முதலில்.

"ஆபிசுல ஒருத்தரு."

குழாயை மூடினாள். "லெட்சுமிங்கறது அக்கா பேரு" என்றாள்.

எனக்கு ஒரு பெரியம்மா இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அம்மாவுக்கு மூன்று. தாத்தா சாவைப் பதியவில்லை. அதற்கு முன்னால் அம்மாவின் பிறப்பையும் பதியவில்லை. பதிவதற்குப் பெரிய டவுனுக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை போய்விடும். இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூடப் பட்டியல் வந்தது, ஏழு வயதுப் பிள்ளைகள் பட்டியல். அதில் லெட்சுமி இருந்தாள். தாத்தா கிராணியிடம் போய்ப் பிள்ளை இல்லை என்று சொல்லியிருக்கிறார். "லிஸ்டுல பேரு இருக்கு. வீட்டுல இன்னொண்ணு இருக்குல்ல, அத அனுப்பு" என்றாராம் கிராணி. அம்மா ஐந்து வயதில் முதலாம் ஆண்டுக்குப் போனாள்.

"அதான் எனக்குக் கணக்கே வரல" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "வாத்தியாரு லெட்சுமின்னு கூப்புடுவாரு. நான் திரும்பிப் பாப்பேன், அக்கா வந்துட்டாளான்னு" என்றாள். "எங்க பொதைச்சாங்கன்னுகூட எங்கப்பா சொல்லல. கேட்டா அடிப்பாரு."

அக்காவின் பிறப்புப் பத்திரத்தை வைத்துத்தான் பன்னிரண்டு வயதில் ஐ.சி., அதை வைத்துத்தான் கல்யாணம், அதை வைத்துத்தான் நான். என் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் லெட்சுமி என்று இருக்கிறது. காகிதப்படி என்னைப் பெற்றவள் ஐந்து வயதில் இறந்துபோன ஒரு பிள்ளை. எங்கள் அம்மா சரோஜா பிறந்ததாகவே எந்தக் காகிதமும் இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "அந்த ஆளுகிட்ட சொல்லிடாத தம்பி. வீடு போனாப் போவட்டும். நீல ஐ.சி.யப் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?"

அது வெறும் பயம் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அட்டையோடு வாழ்நாள் முழுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்த இரண்டு பேரை எனக்கே தெரியும். ஒருவர் எங்கள் லயத்தில் கடைசி வீடு.

மறுநாள் அவரிடம், "கேட்டேண்ணே. வீட்டுப் பேரு தானாம்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆள் ஒன்றைச் சரி என்று ஒப்புக்கொண்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் விடுப்பு எடுத்தார். அவர் விடுப்பு எடுத்ததே இல்லை என்றார் மேடம். மத்தியானம் அம்மா போன் செய்தாள்.

"உங்க ஆபிசு ஆளா தம்பி, ஒல்லியா, கறுப்புக் குடை வெச்சிக்கிட்டு? பழைய மண்டோர் வீட்டுல உக்காந்து என்னமோ எழுதிக்கிட்டு இருக்காரு. என் பேரச் சொல்றது கேட்டுச்சு."

அன்று மீதி நேரத்தில் நான் செய்த எல்லா வேலையும் தப்பு. பதிவு இலாகாவில் அவருக்கு யாரைத் தெரியும் என்று யோசித்தேன். அந்தச் சின்ன நோட்டில் எங்கள் மூன்று பேருடைய பெயரும் இப்போது வரிசையாக இருக்கும் என்று தோன்றியது. பெயரைச் சுரண்டிய ஆளுக்கு மற்றவன் பெயரைத் தோண்டுவதில் என்ன கிடைக்கிறது? காலையில் அவர் வந்து குடையை மூலையில் வைப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா ஐ.சி.யப் புடுங்கணுமாண்ணே உங்களுக்கு? நாங்க என்னா செஞ்சோம் உங்களுக்கு?"

அவர் பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். மலாயில் தட்டச்சு செய்திருந்தது. முதல் தாள் அம்மாவுடையது. செக்ரோலில் நூற்றுப்பதினாலாம் எண்ணில் சரோஜா என்று குறிக்கப்பட்டு இந்தத் தோட்டத்தில் வேலை செய்தது நான்தான். என்னிடம் இருக்கும் அடையாள அட்டையின் எண் இது. என் ஒப்பம் இது. அவ்வளவுதான். இரண்டாவது, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்ட பழைய மண்டோருடையது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நான் சரோஜா என்று கூப்பிட்டபோதெல்லாம் கையைத் தூக்கி வேலைக்குப் போனது, ஒப்பமிட்டிருக்கும் இந்த அம்மாள்தான். கீழே மண்டோரின் கைநாட்டு வைக்க இடம்.

"இதுல பொய் எங்க இருக்கு, காட்டு."

மூன்று முறை படித்தேன். இல்லை.

"நீ அடிச்சது பொய். லெட்சுமி ஏலியஸ் சரோஜான்னு உங்கம்மா சத்தியம் பண்ணியிருந்தா அது பொய்ச் சத்தியம். நாளைக்கு வீடு கெடைக்காத எவனாச்சும் மொட்டக் கடுதாசி போடுவான். வீடும் போவும், ஐ.சி.யும் போவும், சத்தியம் பண்ணதுக்குக் கேசும் வரும்."

"இத பாத்துட்டு லெட்சுமி யாருன்னு கேட்டா?"

"கேக்க மாட்டான். ரெண்டு பேரப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி நடுவுல அந்தச் சொல்லப் போட்டாத்தான் எவனுக்கும் சந்தேகம் வரும். எனக்கு வந்துச்சில்ல?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. மண்டோர் வயசானவரு, வாய்க்கு வந்தத பேசினாரு. நான் தேவையானத மட்டும் எழுதிக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே என்கிட்ட பொய் சொல்றதா இருந்தா நல்லா சொல்லு. வீட்டுப் பேராம்."

வெள்ளிக்கிழமை அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மண்டோரும் வந்தார். ஆணையர் தாளைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, முத்திரை குத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் நிழலாக இருந்த இடத்தில், கிளார்க்கண்ணன் குடையோடு நின்றிருந்தார். முடிந்ததா என்று பார்க்க வந்திருக்கிறார், எங்களை நம்பி விட்டுவிட முடியாதே. அம்மா அவருக்கு நன்றி சொல்லப் போனாள். வாயைத் திறந்ததும் அழுதுவிட்டாள். நன்றி வரவில்லை, வேறு என்னவோ வந்தது.

"அவ பேருலயே எல்லாத்தையும் வாங்கிச் சாப்புட்டேங்க. அவள எங்க வெச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாதுங்கண்ணே."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு எதிரே நிறுத்தியிருந்த லோரியைப் பார்த்தார்.

"ஆறாம் நெம்பர் காடு. பெரிய வாய்க்கால் ஓரம், மூணாவது வரிசை, நாலாவது மரம்" என்றார். "மண்டோர் காட்டினாரு. நான் போய்ப் பாத்தேன்."

மண்டோர் அதற்குள் சாலையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார். அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அவர், "தாளோட நகல பத்திரமா வெச்சிக்கிங்கக்கா. கம்பெனிக்காரன் தொலைச்சிட்டேன்னு சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

வீடு கிடைத்தது. இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். லெட்சுமியின் அடையாள அட்டையைக் காட்டி, சரோஜாவுக்கு எழுதியிருந்த சாவியை அம்மா வாங்கிக்கொண்டாள். அடுத்த வருடம் எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை அமைந்தது. கிளம்பும் நாளில் அவரிடம் சொன்னேன். "நியமனக் கடிதத்துல உன் பேரு சரியா இருக்கா? எழுத்தக் கூட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்தேன் என்றேன். கடிதத்தை வாங்கி அவரும் ஒரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தீபாவளிக்குப் போனபோது அவர் மேசையில் ஒரு பெண் இருந்தாள். எங்கே போனார் என்று மேடத்துக்கும் தெரியவில்லை. கொடுத்திருந்த முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டதாம்.

அவரோடு இருந்த இரண்டு வருடத்தில் எனக்கும் அந்த நோய் தொற்றியிருக்க வேண்டும். ஒரு விடுமுறையில், மண்டோர் தன் புதுவீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சும்மா பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று எனக்குத் தோன்றியது. அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது செம்பனைத் தோட்டமே இல்லை, ரப்பர். அதற்கப்புறம் இரண்டு தடவை அழித்து நட்டிருக்கிறார்கள்.

"மண்டோர் தாத்தா, அந்த நாலாவது மரத்த எப்படி அடையாளம் வெச்சிருந்தீங்க?"

"எந்த மரம்?"

சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் எங்க காட்டினேன்? நான் இந்தத் தோட்டத்துக்கு வந்ததே ரொம்பப் பின்னாடி. உங்க பெரியம்மா கதையே ஊர்ல பேசிக் கேட்டதுதான். அந்தக் காலத்துல சின்னப் புள்ளைங்கள எந்தப் பக்கம் கொண்டு போவாங்கன்னு அந்த ஆளு கேட்டாரு. வாய்க்கால் பக்கமா இருக்கும்னு கைய நீட்டினேன். அவ்வளவுதான்."

"அவரு போய்ப் பாத்தாரே?"

"எங்க பாத்தாரு? அன்னைக்கு நல்ல மழ. வாசப்படிய விட்டு எறங்கல. குடை நனையும்னாரு."

கரண்டி நுனியை நக்கிப் பார்க்காமல் ஒரு வாய்த் தேநீர் குடிக்காத ஆள். மூன்றாவது வரிசை, நாலாவது மரம். எந்த முகமும் காட்டாமல், எதிரே நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டு. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வருடத்துக்கு இரண்டு முறை போகிறாள், ஆடியில் ஒன்று, பொங்கல் கழிந்து ஒன்று. ஒரு போத்தல் பாலும் பிஸ்கட்டும் கொண்டுபோவாள். புதுவீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடி வளையலும் சேர்ந்துகொண்டது. வாய்க்கால் ஓரமாக நான் முன்னால் போய் விழுந்து கிடக்கும் மட்டைகளை ஒதுக்கிவிடுவேன். எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஒரு கையால் மரத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பிக் கேட்பாள்.

"இதுதானே தம்பி? எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேம்மா. இதுதான்" என்பேன்.

அப்புறம் அவள் குனிந்து, பால் போத்தலைத் திறந்து, மெதுவாகக் கூப்பிடுவாள். "லெட்சுமி."